அறுபத்து நாலில் ஒன்று

உவர்மலையில் என் வளவுக் கிணறு
ஆனி பிறந்தால் தேத்தண்ணிக்கு உதவாது.
நீர்வழங்கல் சபையில் எனக்கு வேலையும் அதுதான்:
ஊர்க் கிணறுகளின் உப்பை எண்ணாக்கிப்
படிவத்தில் நிரப்புவது.
என் கிணற்றை மட்டும் நிரப்பவில்லை.
அதைக் கொண்டு மிளகாய் வைத்தேன்.

தாய், நிலாவெளியில் ஒரு முள்வேலியோரம்
யாரும் நடாமல் முளைத்த குட்டை.
உப்பைக் குடிக்கும், உறைப்பை மறந்துவிட்டது.
தந்தை, தம்பலகாமச் சந்தையில்
கிலோ விலைக்கு வாங்கிய நீட்டுக்காய்.
நல்ல தண்ணீர் கேட்கும் செல்லம்.
விடியுமுன், விரியாத மொட்டைப் பிரித்து
புருவம் பிடுங்கும் இடுக்கியால்
மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிந்தேன்.
மற்றதன் தூளைத் தடவி,
பழைய நுளம்புவலைத் துண்டால் முடிச்சுப் போட்டேன்.
ஒன்பது மொட்டில் எட்டு உதிர்ந்தது.

முதல் தலைமுறை ஒரே அச்சு.
குச்சவெளியிலிருந்து வந்த அலியார் காக்கா
"முடிஞ்சுதே மிஸ், விதையைத் தாங்க" என்றார்.
இனித்தான் சண்டை தொடங்கும் என்றேன்.

தொடங்கியது.
நூற்றுப் பன்னிரண்டு கன்று, இரண்டு ஒத்துப்போகவில்லை.
வானம் பார்த்தது, நிலம் பார்த்தது,
வெறும் பூவாகக் கொட்டியது,
பத்து நாள் உப்புக்கே இலை சுருண்டது.
தாயிலும் இல்லாத, தந்தையிலும் இல்லாத
ஊதாத் தண்டு ஒன்று.
அலியார் காக்கா பிறகு இரண்டு போகம் வரவில்லை.

மூன்றாம் தலைமுறையில் மான்கள் வந்தன.
கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள்,
பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோல் தின்று பழகியவை.
ஒரே இரவு.
நான் குறித்துவைத்த நல்ல நிரைகள் எல்லாம்
மொட்டைக் குச்சி.
பதினொரு கன்றை முகர்ந்துவிட்டுப் போயிருந்தன.
ஏன் என்று அறிய
குந்தியிருந்து அந்த இலையை நானும் மென்றேன்.
கசப்பு. நாக்கில் மெல்லிய மயிர்.
அன்றிலிருந்து என் திட்டத்தில்
நான் எழுதாத ஒரு வரியும் சேர்ந்தது.
தேர்ந்தவள் நான் மட்டும் இல்லை.

பிறகு எல்லாம் கணக்கு.
தன் பூவைத் தானே சூலாக்கும் ஒவ்வொரு போகமும்
உள்ளே இருக்கும் இரட்டை மனம் பாதியாகும்.
பாதி, காலில் ஒன்று, அரைக்கால்,
பதினாறில் ஒன்று.
மாரியும் சிறுபோகமுமாய்
வலை முடிச்சு அவிழ்த்து, வலை முடிச்சுப் போட்டு.
இடையில் பதவி உயர்வு ஒன்று வந்தது,
வவுனியாவுக்கு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.
காரணம் கேட்ட அதிகாரியிடம்
ஐந்தாம் தலைமுறை என்று சொல்ல முடியவில்லை.
தாய்க்குச் சுகமில்லை என்றேன்.
முழுப் பொய்யும் இல்லை,
அந்தக் கிழமைதான் நிலாவெளிக் குட்டை
வேரழுகிச் செத்திருந்தது.

ஏழாவது நிரையைப் பார்க்க
அலியார் காக்கா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்.
ஒரே உயரம், ஒரே நீளம்,
ஒரே நாளில் சிவக்கும் எண்பது கன்று.
"பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி நிக்கிது" என்றார்.
ஒரு காயைக் கடித்தார். கண் கலங்கியது.
"உறைக்குது." பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டே,
"ஒரு வருத்தம் வந்தா
எல்லாத்துக்கும் ஒண்டாத்தான் வரும், என்ன?"
ஓம் என்றேன்.
விதைக்குக் காசு எவ்வளவு என்று கேட்டார்.

நாற்பத்தாறாவது கன்றில் ஊதாத் தண்டு.
அவர் காணவில்லை.
அவர் போனபின் பிடுங்கினேன், வேரோடு.
அதுதான் ஒழுங்கு. கை நடுங்கவில்லை.

இரவு பால்மா ரின்னில் விதையை அடைத்து
பெயர் எழுதும் இடத்தில் பேனை நின்றது.
பாதியைப் பாதியாக்கினால் எப்போதும் ஏதோ மிஞ்சும்.
அறுபத்து நாலில் ஒன்று.
குச்சவெளி உப்பில் யாரோ நடும்போது
அது எந்தப் பக்கம் தலை தூக்கும் என்று
எனக்குத் தெரியாது.

பெயர் எழுதவில்லை.
"கிணறு" என்று எழுதி, தேதி போட்டேன்.