நாற்பத்தெட்டு மணித்தியாலம்

கடந்த நாற்பத்தெட்டு மணித்தியாலத்தில்
சமதரையில் நடக்கையில் எவ்வளவு வலி?
இல்லை, கொஞ்சம், நடுத்தரம், கடுமை, மிகக் கடுமை.
ஒன்றுக்கு மட்டும் புள்ளடி.

"வலியோ? எனக்கு வலிப்பு ஒண்டும் இல்லைப் பிள்ளை."
தவமலர், ஐம்பத்தாறு வயது,
திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயம் விற்பவர்.
"நோ எண்டு கேள்.
விடியப்புறம் விறைப்பு. மத்தியானம் உளைவு.
சாக்கைத் தூக்கேக்கை உள்ளுக்கை ஒண்டு கொளுவிப் பிடிக்கும்,
அதுக்கு உன்ரை கடதாசியிலை என்ன பேர்?"

கடதாசியில் எல்லாவற்றுக்கும் ஒரே பேர்.

மாடிப்படி ஏறுவது?
"மாடி கட்டினால் சொல்லி அனுப்புறன்."
பஸ் மிதிபலகை என்று மாற்றிக் கேட்டேன்.
"உரும்பிராய் மினிபஸ்ஸிலை
ஏறேக்கை நல்ல கால் முன்னுக்கு,
இறங்கேக்கை நண்டு மாதிரிப் பக்கவாட்டிலை.
கொண்டக்டர் பெடியன் பொறுத்து நிண்டால் கொஞ்சம்,
விசிலடிச்சால் கடுமை.
ரெண்டு பெடியள் மாறி மாறி வாறாங்கள். எதைப் போடப் போறாய்?"

ஒரு கேள்வியைத் தாண்டிப் போனேன்.
தராசு முள்ளைப் பார்த்துப் பழகிய கண்,
தலைகீழாக இருந்தும் பிடித்துவிட்டது:
"ஒண்டை விட்டிட்டாய்."
குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏறுவது, என்று வாசித்தேன்.
வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்,
ஊன்றுகோலோடு நின்றவரும்.

"குந்துறதைப் பற்றிக் கேள்வி இல்லையோ?"
இல்லை.
"ஏழு மணித்தியாலம் குந்தியிருக்கிறனே, பிள்ளை."
ஓரத்தில் எழுதினேன்.
ஓரத்தைக் கூட்டலில் சேர்ப்பதில்லை.

"முந்தநாள் ஒரு செத்தவீடு.
பகல் முழுக்கப் பிளாஸ்டிக் கதிரை, தேத்தண்ணி. நோவே இல்லை.
அதையும் உன்ரை நாற்பத்தெட்டுக்குள்ளை சேர்க்கிறியோ?"

பிறகு குரலைத் தாழ்த்தினார், விலை பேசுகிறவராக.
"மிகக் கடுமை எண்டால் ஒப்பரேசன் எண்டுவினம்.
கொஞ்சம் எண்டால் பனடோலோடை விட்டிடுவினம்.
வெங்காயம் கிண்டுற மாதம் வருது.
கடுமையிலை போடு. அது போதும்."

போட்டேன்.
கூட்டினால் தொண்ணூற்றாறுக்கு ஐம்பத்தெட்டு.
"பாஸோ?"
இதில் கூடினால் கூடாது, அம்மா.
"ஓ, வாங்கிற ஆளுக்கு வெங்காய விலை மாதிரி."

எழும்ப மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார்.
முதல் தரம் முடியவில்லை.
இரண்டாம் தரம் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார்.
மூன்றாவதில் எழும்பினார்,
மேசை இரண்டு விரற்கடை என் பக்கம் நகர்ந்தது.
மேலே ஒரு வெங்காயச் சருகு.

போதனா வைத்தியசாலை, மூன்றாம் அறை.
மேசையை நான் திருப்பித் தள்ளவில்லை.
முப்பத்தொரு பேர் எழும்பிப் போனபிறகு
என் கதிரை பின்சுவரில் முட்டி நின்றது,
வெளியே வர
நான்தான் பக்கவாட்டில் நகர வேண்டியிருந்தது.