வேறு விரலை வைக்கவும்

ஆஸ்பத்திரி வாசலில்
வருகைப் பதிவு மிஷினுக்கு என்னைத் தெரியவில்லை.
வேறு விரலை வைக்கவும் என்கிறது
பெண் குரல், கொஞ்சம் சலிப்போடு.
ஆள்காட்டி போய், நடுவிரல் போய்,
இடது சுண்டுவிரலில்தான் ஒருவழியாக
நான் தமயந்தி என்று ஒப்புக்கொள்கிறது.
"தண்ணி பட்டுப் பட்டே ரேகை போச்சுங் சிஸ்டர்"
என்கிறார் செக்யூரிட்டி.

கை கழுவ ஏழு படி.
உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு,
முட்டி, கட்டைவிரல், நக நுனி, மணிக்கட்டு.
எங்கள் கல்யாணத்தில் ஏழடி கிடையாது,
அருமைக்காரர் முடித்துவைத்தது.
அந்தப் பாக்கியைத்தான்
ராத்திரிக்கு நாற்பது தரம்
குழாயடியில் நடந்து தீர்க்கிறேன் போல.

கண்ணாடிப் பெட்டிக்குள்
தொள்ளாயிரத்து இருபது கிராம்.
இன்னும் பேர் இல்லை,
பேபி ஆஃப் ரீத்தா குமாரி.
அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள்.
தமிழில் "போதும்" தெரியும், "சாப்ட்டாச்சு" தெரியும்.
பிள்ளையின் தோல்
வெங்காயத்தின் உள்சவ்வு.
கையுறை போட்ட பின்னும் தயங்குகிறேன்,
உப்புத்தாளை வைத்துக்கொண்டு
பட்டைத் துடைக்கப் போகிறவள் மாதிரி.

இது ஆடி வேறு.
பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் காற்று
மழையை அந்தப் பக்கமே இறக்கிவிட்டு
வெறுங்கையோடு திருப்பூர் வருகிறது.
வந்து
என் கையில் இருப்பதையும் கேட்கிறது.

எத்தனை வெடிப்பு என்று
ரசத்துக்குப் புளி கரைக்கும்போதுதான்
சரியாகத் தெரியும்.

சென்னியப்பனுக்கு நேர் எதிர்ச் சீக்கு.
காங்கயத்தில் எண்ணெய் மில்.
எதைத் தொட்டாலும் வழுக்கும்.
கதவுத் தாழ்ப்பாள், ஃபோன், பையனின் கணக்கு நோட்டு,
வீடு முழுக்க அவர் ரேகை.
என்னுடையது ஒன்றுகூட இல்லை.
திருட வந்தவள் கெட்டாள்.

டியூட்டி நாளில் எண்ணெய் ஆகாது,
ரப்பர் கையுறை இளகிவிடும்.
வாரத்தில் ஒரு ராத்திரி ஆஃப்.
அன்றைக்கு சோப்பு இல்லை,
வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும்.
தேய்க்காமல் ஒற்றி எடுத்து
ஈரம் காய்வதற்குள் கையை நீட்டுகிறேன்.
மூட்டை தூக்கும் ஆள்,
விரல் கணுவில் அவர் தடவும்போது பார்க்க வேண்டும்,
கண்ணாடி வளையல் கடையில் மாடு நுழைந்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி.
"எரியுதா அம்மிணி?"
எரிகிறது.
"இல்லீங்."

மேல்வீட்டுக் கலாமணி ஓவர்லாக் அடிக்கிறவள்.
கட்டிங் வேஸ்ட்டில் உறை தைத்துக் கொடுத்தாள்,
எண்ணெய்க்கு மேலே போட்டுக்கொண்டு தூங்க.
வலக்கை மஞ்சள். இடக்கை கருநீலம்,
எங்கோ குளிர்தேசத்தில்
எந்தப் பையனின் சட்டையாகவோ போனதன் மிச்சம்.
மஞ்சளில் விரல் எண்ணிக்கை தப்பி
ஆறு வைத்துவிட்டாள்.
பிரித்துத் தா என்றேன்.
"கெடக்கட்டும்க்கா,
வேற விரலு கேக்குதில்ல உங்க மிஷினு."

பன்னிரண்டரைக்கு ஃபோன் அதிர்ந்தது.
துணி விரலுக்குத் திறக்கவில்லை.
மூக்கால் தள்ளித் திறந்தேன்.
வார்டிலிருந்து எஸ்தர் சிஸ்டரின் குரல், அடக்கி:
"க்கா, ரீத்தாவோட குட்டி
நாப்பது கிராம் ஏறியிருக்கு.
காலைல சொல்லலாம்னுதான் பார்த்தேன்."
பதிலுக்குக் கட்டைவிரல் காட்டப் பார்த்தேன்,
அதுவும் மஞ்சளுக்குள்.
மூக்காலேயே ஒரு "ம்" அழுத்தினேன்.
"ன்" என்று போனது.

பக்கத்தில் சென்னியப்பன்
கொப்பரை வாசத்தோடு தூங்குகிறார்.
தூக்கத்திலும் வலிக்காமல் பிடிக்கத் தெரிகிறது,
யாரும் இல்லாத அந்த ஆறாவது விரலை.