அரைக்கால் அரைக்காலாக

பட்டையில் பிறந்தவை
பட்டை மேலேயே ஓடி வருகின்றன,
நிமிடத்துக்கு நூற்றைம்பது தக்கை.
கண் ஒரு வேகம், விரல் ஒரு வேகம்.
புழுத்துளை, ஈர விரிசல், பச்சை வளையம்.
முதல் தரம் இடக் கூடைக்கு
இரண்டாம் தரம் வலக் கூடைக்கு
தேறாதது காலடிப் பெட்டிக்கு.

போர்ச்சுகலின் வடக்கே மழை விடாத ஊர்.
இங்கே சுவர்ப் பாசிகூட
எங்களைவிடச் சீக்கிரம் உயர்வு வாங்கும்.

எதிர்ப் பட்டையில் அர்மிந்து.
அதே தக்கை, அதே கூடை, அதே காலைச் சங்கு.
நல்லவன். அதுதான் சிக்கல்.
ஒருநாள் மதியம் தூசி விழாமலிருக்கச்
சூப்புக் கிண்ணத்தின் மேல்
சம்பளச் சீட்டை மூடிவிட்டுப்
புகைக்கப் போனான்.
உப்பு எடுக்க வந்த தியோலிந்தா
படித்தாள்.
பிறகு உப்பில்லாமலே தின்றாள்.

தொண்ணூற்றாறு யூரோ.
மாதா மாதம்.
இருபத்தேழு வருஷம்.
பெருக்கிப் பார்க்காதே என்றேன்.
பெருக்கிவிட்டேன் என்றாள்.

மேலாளர் அறையில் சொன்னார்கள்:
ஆண்களுக்குக் கனமான வேலை,
உங்களுடையது லேசு.
"தக்கையில் கனமானது எது ஐயா?
காட்டுங்கள்,
நாங்களும் ஒருமுறை தூக்கிப் பார்க்கிறோம்."

இரண்டு குளிர்காலம் பேசினார்கள்.
சங்கத்து ஃபிலோமெனாவுக்கு அதற்குள்
குழந்தை பிறந்து, நடந்து,
மேஜைக்கடியில் ஒளிந்து விளையாடியது.
கடைசியில் கையெழுத்து:
வித்தியாசம் முழுதாக நீங்கும்,
எட்டு ஆண்டில்,
ஆண்டுக்கு அரைக்கால் வீதம்.

உலகத்துப் புட்டிகளின் வாயையெல்லாம்
நாங்கள் பொறுக்கிய தக்கை
ஒரே அழுத்தில் அடைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ரொட்டிக் கடையில் தியோலிந்தா:
"இன்றைக்கு அரைக்கால் விலை தருகிறேன்,
மீதி வரும் ஜனவரிகளில்."
கடைக்காரி பேசாமல் கத்தியை எடுத்து
ரொட்டியில் அரைக்கால் அறுத்து நீட்டினாள்.
இருவரும் சிரித்துச் சிரித்து
முட்டி மோதிக்கொண்டார்கள்.
நான் வாசலில் குடையோடு நின்றேன்.

முதல் ஜனவரி, பன்னிரண்டு யூரோ.
மகனின் காலணிக்குப் புது அடி.
இரண்டாவது, கால். எதற்குப் போனதென்று நினைவில்லை.
மூன்றாவது, காலே அரைக்கால்.
அந்த மார்ச்சில் தியோலிந்தாவுக்கு
கேக் வெட்டி ஓய்வு கொடுத்தார்கள்.
ஓய்வூதியம் போட்ட கணக்கன்
பழைய சீட்டுகளைத்தான் கூட்டினான்.
வேறெதைக் கூட்டுவான்?

அரை வந்த வருஷம் என் மணிக்கட்டு மரத்தது.
அரையே அரைக்காலில் விதவையானேன்.
நீதி வந்துகொண்டுதான் இருந்தது,
அரைக்காலால் நொண்டி நொண்டி,
ஒவ்வொரு படியிலும் மூச்சு வாங்கி,
தன்னைப் பாராட்டச் சொல்லி.

முக்கால் ஆனபோது அர்மிந்து
பட்டைக்கு அந்தப்பக்கமிருந்து கத்தினான்:
"எனக்கு எதுவும் குறையவில்லையே!
உங்களுக்கு ஏறினால் எனக்கு இறங்கும் என்று
ஆறு வருஷமாகத் தூக்கம் கெட்டேன்."
இரைச்சலில் எனக்குக் கேட்காதது போல்
இன்னொருமுறை சொல்லவைத்தேன்.

எட்டாவது ஜனவரி.
இரண்டு சீட்டிலும் ஒரே எண்.
யாரும் கைதட்டவில்லை.
பட்டை நிற்கவுமில்லை.

அன்று மாலை பேருந்து பிடித்து
தியோலிந்தாவின் மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.
கண்ணாடி போடவில்லை அவள்.
என் சீட்டைச் சுருட்டி
கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
ஒரு சுற்றுச் சுற்றினாள்.
ஜன்னல் வெளிச்சத்தில் துளை பார்த்தாள்.
பூஞ்சை உண்டா என்று மோந்தாள்.

"இரண்டாம் தரம்" என்றாள்.
சொல்லிக்கொண்டே கை
வலப்பக்கம் நீண்டது.

அங்கே கூடை இல்லை.