பன்னிரண்டு முதல் மூன்று வரை

ஜூன் பதினைந்து வந்தால்
உச்சி வெயிலில் வேலை வாங்கக் கூடாதென்று சட்டம்.
பன்னிரண்டிலிருந்து மூன்று வரை
சாரம் தனியாக நிற்கும்.
நாங்கள் போர்ட்டா கேபினுக்குள்
கழற்றிப்போட்ட பூட்ஸுகள் மாதிரி
ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடப்போம்.

அதே வாரம்தான் விளையாட்டிலும்
உறைபனித் திருவிழா தொடங்கும்.
ஜூன் மாதத்தில் எவன் ஊரில் பனி பெய்கிறது?
கேட்டுப் பார்த்தேன். பூமிக்கு அடிப்பக்கம்
ஏதோ ஒரு நாடாம், கம்பெனி அங்கேதானாம்.
சரி, பெய்யட்டும்.

தெருவெல்லாம் நீல விளக்கு,
லாயக்காரன் தாடியில் வெள்ளைத் துகள்.
நாளைக்கு ஒருமுறை
மலையடிவாரத்துப் பனி அரக்கியை வீழ்த்தலாம்.
நூறில் ஒருதரம் அவள் விட்டுப்போவாள்
ஏறிக்கொள்ள ஒரு வெள்ளைக் கலைமானை.
மற்றபடி கம்பளித் தொப்பி.
இது மூன்றாவது கோடை. என்னிடம்
இருநூற்றுப் பதினேழு கம்பளித் தொப்பிகள் இருக்கின்றன.
ஜுபைலில் இன்று நாற்பத்தெட்டு டிகிரி.

லாயத்தில் அறுபத்தொரு வாகனம்.
விளக்கு விழாவில் வென்ற மயில்,
அறுவடைக்குக் கொடுத்த பூசணி வண்டி,
ஓர் ஆமை (ஏறினால் அடுத்த ஊருக்கு நாற்பது நிமிஷம்),
நாலாயிரம் பொன் எண்ணிக்கொடுத்து ஒரு ஒட்டகம்.
வெளியே நான் ஒட்டகம் பார்த்தது
சாலையோர எச்சரிக்கைப் பலகையில் மட்டும்.

பாதிக்கு இறக்கை உண்டு.
நான் பறக்கிறதில்லை.
நாற்பது மீட்டர் உயரத்தில்
இடுப்பு வாரைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு
விடிந்ததிலிருந்து நிற்கிறவனுக்கு
விளையாட்டிலாவது தரை வேண்டாமா?
கருடன்மேல் உட்கார்ந்து நடந்துபோகிற ஆள்
என்று குழுவில் எனக்குப் பெயர்.

குழுவுக்குப் பெயர் மீன்குழம்பு.
தம்மாம் குளிர்கிடங்கில் சிக்கந்தர்,
மைனஸ் பதினெட்டில் கோழிப்பெட்டி அடுக்குகிறவன்.
'லீவு நாள்லயும் பனியாடா' என்று
முனகிக்கொண்டே முதல் ஆளாக வந்து நிற்பான்.
ரியாத்தில் பிரின்சி, டயாலிசிஸ் வார்டு, இரவுப் பணி.
தூங்கவேண்டிய நேரத்தில்
எங்கள் காயங்களுக்கு மந்திரம் போடுவாள்.
அப்புறம் எபநேசர்.
முதல் நாள், முதல் சண்டை, கலைமான். அப்படி ஒரு ராசி.
மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்து கிளம்பினான்.
ரைஸ் குக்கரைக் கொடுத்தான். மெத்தையைக் கொடுத்தான்.
கலைமானைத் தர முடியவில்லை.
'ஆளோடு பிணைந்தது, மாற்ற இயலாது'
என்று அதன்மேல் எழுதியிருந்தது.
விசாத் தாளில் படித்த மாதிரி இருக்கே என்றான்.
ரொம்ப நேரம் சிரித்தோம்.

செப்டம்பர் பதினைந்து.
அங்கேயும் கடைசி நாள், இங்கேயும்.
ஏசி நின்று இருபது நிமிஷம் ஆகியிருந்தது.
ரெண்டே முக்காலுக்கு அரக்கி விழுந்தாள்.
உடலிலிருந்து ஊதா ஒளி எழுந்தது.
தொப்பிக்கு அந்த நிறம் வராது.

'தொடு, தொடு' என்றாள் பிரின்சி.
தொட்டேன். வியர்வை விரலைத் திரை மதிக்கவில்லை.
சட்டையில் துடைத்தேன், சட்டை அதைவிட ஈரம்.
அரக்கியும் நானும் முழங்கால் பனியில் நிற்க,
'சூடு அதிகம், ஆறட்டும்' என்று சொல்லிவிட்டு
போன் கண்ணை மூடிக்கொண்டது.
ஃபோர்மேன் விசில்.

மூன்று மணிக் குழாய்
கையுறையைத் தாண்டிச் சுட்டது.
கீழே கடல், தகரம் மாதிரி.
நட்டு முடுக்கினேன். இன்னொரு நட்டு.

இரவு ஒன்பதுக்கு உள்ளே போனபோது
தோரணங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.
தபால்பெட்டியில் ஒரு பொதி:
'நீங்கள் எடுக்க மறந்தது.'
வார்டுக்குப் போகுமுன் பிரின்சி எழுதியிருந்தாள்:
ஏறிட்டியா?

ஏறினேன்.
இதற்கும் இறக்கை இருக்கிறது,
விலாவோடு மடித்து வைத்திருக்கிறது.
எபநேசர் சொல்லவே இல்லை.
யாரும் பார்க்காத சந்தில்
ஒரு கூரை உயரத்துக்கு மட்டும், ஒரே தடவை
எழும்பிப் பார்த்தேன்.

மெத்தையில் படுத்திருந்தவன் கை
இடுப்பில் கொக்கியைத் தேடியது.