ஏழு கிலோ நூற்றிருபது

பகல் முழுக்க லொறி நிறுக்கிறேன்,
சீனன்குடா மாவாலை வாசலில்.
இரும்புத் தட்டில் ஒவ்வொன்றாய் ஏறிப்
பெருமூச்சு விட்டு அமரும்.
"மிஸ், ஒரு நூறைக் குறைச்சுப் போடுங்கோ."
குறைத்ததில்லை.

இரவில் என் மேசையில் ஏறுவது வேறொன்று.
கந்தளாயில் ஒருவனிடம் அரைவிலைக்கு வாங்கினேன்,
றிமோற்றுக்கு மூடி கிடையாது,
என் முழங்கையளவு அகலச் சில்லுகள்.

பாரவண்டிக்கு இறுக்கந்தான் மருந்தென்று
ஸ்பிரிங்கின் வளையங்களைக் கடைசிப் புரிவரை முறுக்கி
டச்பே மணலில் விட்டேன்.
பலகையில் ஏறிப் பறந்தது, அதுவரை சரி.
விழுந்த வேகத்தில் பந்தாய் எழும்பி
கேளாமலே இன்னொரு தரம் பறந்து
ஐஸ்கிரீம்காரரின் சைக்கிளடியில்
மல்லாந்து கிடந்தது
நான்கு சில்லும் வானத்தை அரைக்க.

எட்ரிக் சிரித்தான்.
பாலையூற்றிலிருந்து பலகை சுமந்து வந்தவன்,
சிரிக்கட்டும்.
"வதனா, உன்ர வண்டிக்கு முழங்கால் இல்லை."

அன்றிரவு நான்கு ஷொக்கையும் கழற்றிப்
பழைய பேப்பரில் வரிசையாய்க் கிடத்தினேன்.
உள்ளே எண்ணெய் என்று இருந்தது
கறுத்த துளி, கொஞ்சம் மணல்.
அதற்குரிய சிலிக்கன் எண்ணெய்
கொழும்பிலும் இல்லையாம்.
மோட்டார்சைக்கிள் ஃபோர்க் எண்ணெய் வாங்கி ஊற்றினேன்:
தண்ணீர். பிஸ்டன் வழுக்கி ஓடியது.
பிறகு நூற்றிநாற்பது கியர் எண்ணெய்.
பாணிபோல் இறங்கியது,
கந்தகம் நாறியது,
றப்பர் ஊதிவிடும் என்றான் எட்ரிக்.
ஊதும்போது பார்ப்போம்.

பிஸ்டனை மெல்ல இழுத்து, மெல்ல அமிழ்த்தி,
குமிழிகள் மேலே வரக் காத்திருந்தேன்.
ஒன்று.
பிறகு மூன்று, கடுகளவாய்.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதி ஓய்ந்தது.
வராது என்று மூடியை எடுத்த நேரம்
இன்னுமொன்று.

சரி, இனி நிறுவை. அது என் தொழில்.
கேக் செய்யும் ஜெனிற்றாவிடம் இரண்டு தராசு,
என்னுடையது ஒன்று,
எட்ரிக் வீட்டில் மீன் நிறுக்கிறது ஒன்று, செதில் ஒட்டியபடி.
சில்லுக்கு ஒன்றாய் நான்கையும் வைத்தேன்.

முன் இடது ஆயிரத்து அறுநூற்றுப் பத்து.
முன் வலது ஆயிரத்து அறுநூறு.
பின் வலது ஆயிரத்து எண்ணூற்றிருபது.
பின் இடது
இரண்டாயிரத்துத் தொண்ணூறு.

இதுவரை எத்தனை லொறி!
மொத்தத்தை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறேன்,
எந்தக் கால் சுமக்கிறது என்று
ஒன்றிடமும் கேட்டதில்லை.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தது பற்றரி.
ஸ்பொஞ்ச் வெட்டிச் செருகிப்
பெருவிரல் அகலம் தள்ளினேன்.
ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபது, ஐம்பது.
மிச்சப் பத்துக் கிராமோடு மல்லுக்கட்ட மனமில்லை.
வளையங்களைப் பதினொரு சுற்றுத் தளர்த்தி
உள்ளங்கையால் அமுக்கி விட்டேன்.
எழும்பியது, ஒரே தரம்.
நின்றது.

சனிக்கிழமை கோட்டைப் பக்க மான்கள் இரண்டு
கடற்கரையில் வாழைப்பழத்தோல் தேடிக்கொண்டிருந்தன.
பலகை. ஓட்டம். காற்று.
விழும்போது வயிறு மணலைத் தொட்டது, தொட்டதோடு சரி,
தொப்பென்ற சத்தத்துக்கு
ஒரு மான் காதை மட்டும் திருப்பிற்று.
எட்ரிக் சிரிக்கவில்லை,
றிமோற்றைத் தா என்றான்.
நாலாவது பாய்ச்சலில் முன் வலது கசியத் தொடங்கியது,
மணலில் கறுப்புப் பொட்டுகள்.
ஊதிவிட்டது போல.

திங்கட்கிழமை.
மூடை நிரப்பிய லொறி ஒன்று தட்டேறிற்று.
"மிஸ், ஒரு நூறு..."
"அண்ணை, பின் இடப்பக்கம் இருத்தி இழுக்குது.
பட்டை முறிஞ்சிருக்கும், பாருங்கோ."

இறங்கிச் சாரத்தை மடித்துக்கட்டிக்
குனிந்தார்.
பின்னால் நின்ற லொறிகள் ஹோர்ன் அடித்தன.
அவர் குனிந்தபடியே இருந்தார்.
நான் மொத்தத்தை எழுதினேன்,
ஒரு கிலோவும் குறைக்காமல்.