பதின்மூன்று இல்லை

நவம்பர் முடியும்போது
பனிக்கடியில் பதுங்கியிருந்த பிர்ச் கட்டை ஒன்று
என் வண்டியின் இடது ஸ்கீயைப் பிடித்து நிறுத்தியது.
எனக்கு உதடு கிழிந்தது.
வண்டிக்கு ஸ்டீயரிங் தண்டு வளைந்தது.
உதடு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

அதன்பின் இரண்டரை மாதம்
கைப்பிடியை இடப்பக்கம் ஒடித்து வைத்தால்தான்
வண்டி நேராகப் போகும்.
துருவ மான்களை அப்படித்தான் வேலிக்குள் ஓட்டினேன்.
உறைந்த தேனோ ஆற்றின்மேல்
பெட்ரோல் வாங்கப் போனதும் அப்படித்தான்.
பின்னால் உட்கார்ந்து பிரெத்தா சிரிப்பாள்:
"அம்மா, நீ நார்வேக்குத் திருப்புகிறாய்,
வண்டி கடைக்குப் போகிறது."

புதுத் தண்டு ரொவானியெமியிலிருந்து வர
மூன்று வாரம், முந்நூறு யூரோ.
அதே மாடல், அதே மஞ்சள்,
எஞ்சின் வெந்து செத்த வண்டி ஒன்று
ஆஸ்லாத்தின் கொட்டகைக்குப் பின்னால்
கழுத்தளவு பனியில் நிற்கிறது.
ஆஸ்லாத்தும் நானும் பேசி
நான்கு குளிர்காலம் ஆகிறது.
ஒரு கன்றின் காதில் யார் கத்தி முதலில் பட்டது,
அதுதான் விஷயம்.
அந்தக் கன்றை ஓநாய் தின்றுவிட்டது.
கோபத்தைத் தின்ன ஒன்றும் வரவில்லை.

பிரெத்தாவை அனுப்பிக் கேட்டேன்.
"வேண்டுமென்றால் வந்து கழற்றிக்கொள்ளட்டும்" என்றானாம்.

போனேன், கோணலாகவே ஓட்டிக்கொண்டு.
கொட்டகைக் கதவு திறந்திருந்தது.
அடுப்பு எரிந்தது.
செத்த வண்டியைத் தோண்டி இழுத்து
உள்ளே போட்டிருந்தான்,
எனக்காக என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி
ஒரு மூலையில்.

மூடியைத் தூக்கினேன். காற்றுப்பெட்டியை எடுத்தேன்.
"பத்து" என்றேன், சுவரைப் பார்த்து.
ஸ்பேனர் என் கைக்கு வந்தது.
கைப்பிடியின் நான்கு போல்ட்டும் கழன்றன.
"பதின்மூன்று."
"பதின்மூன்று இல்லை. பதினைந்து."
நான்கு வருடத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு,
அதுவும் மறுப்பு.
வைத்துப் பார்த்தேன்.
பதினைந்துதான்.

கீழ்முனைப் போல்ட் சைலன்சருக்குப் பின்னால் இருந்தது.
அவன் கை அங்கே போகாது, என் கை போகும்.
துருவேறிய பூட்டுமுள் இரண்டாக உடைந்து
ஒரு பாதி எஞ்சினுக்கடியில் விழுந்தது.
இருவரும் ஒரே நேரத்தில்
ஒரே கெட்ட வார்த்தையைச் சொன்னோம்.

என் தண்டும் வெளியே வந்தது.
மேஜைமேல் இரண்டையும் ஒட்டவைத்துப் பார்த்தோம்.
நடுவில் ஒரு விரல் போகும் இடைவெளி.
"இவ்வளவுதானா" என்றான்.
நான் பதில் சொல்லவில்லை.

நைலான் புஷ்களில் கிரீஸ் தடவி
நேரான தண்டை இறக்கினோம்.
பழைய நட்டை எடுத்துக்கொண்டு போன என் கையைத் தடுத்து
காபி டப்பாவிலிருந்து புது நட் கொடுத்தான்.
பூட்டு நட்டை இரண்டாம் முறை நம்பக்கூடாதாம்.
இரண்டு ஸ்கீயும் நேராக இருக்கும்படி
அவன் முன்னால் மண்டியிட்டுக் கண் சாய்த்துப் பார்க்க,
நான் கைப்பிடியைப் பிடித்திருக்க,
"கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ம்."

வெளியே நண்பகல், நீல வெளிச்சம்.
ஏறி முடுக்கினேன்.
கைப்பிடி நேராக இருந்தது.
என் கைகள்தான் நேராக இல்லை.
பழக்கத்தில் இடப்பக்கம் ஒடித்தன.
சொன்னதைக் கேட்கும் வண்டி இப்போது,
சொன்ன பக்கமே போய்
அவன் விறகு அடுக்கில் முட்டியது.

நடந்து வந்தான்.
முதலில் ஸ்கீயைப் பார்த்தான்,
பிறகு தண்டை அசைத்துப் பார்த்தான்,
கடைசியில் என்னை.
"அடுக்கிவைத்துவிட்டுப் போ" என்றான்.
உள்ளே போய் வாசலில் ஒரு கோப்பை காபி வைத்தான்,
அது ஆறுவதற்குள் பனிப்படலம் கட்டியது.

அடுக்கினேன். இருநூறு கட்டையாவது இருக்கும்.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
என் வளைந்த தண்டை
அவன் செத்த வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தான்,
எந்த அவசரமும் இல்லாமல்.

காசு கேட்கவில்லை.
கன்றைப் பற்றியும் கேட்கவில்லை.
அது என் கன்றுதான் என்று
நானும் சொல்லவில்லை.