இடம்புரி மரை

மேல்விஷாரத்திலிருந்து லாரியில் வந்த
ஸ்டாண்டர்ட் ஹெரால்டு
தொரப்பாடி ஷெட்டில்
செங்கல் அடுக்கின் மேல் நிற்கிறது.
சக்கரம் இல்லை. அடியில் நான்,
ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்காத கண்ணோடு.

ஆஸ்பத்திரி லேபில் என் வேலை இதுதான்:
ரத்த டியூபில் ஒட்டிய பெயரும்
சீட்டில் எழுதிய பெயரும்
ஒரே ஆள்தானா என்று பார்ப்பது.
இங்கேயும் அதேதான்,
இரும்புக்குச் சீட்டு கிடையாது என்பதைத் தவிர.
மண்ணெண்ணெய் ஊற்றி
மூன்று பூச்சுக் கறுப்பைச் சுரண்டினால்
பாதி எண் தெரியும்.
ஒன்று, ஒன்று, அப்புறம் எட்டோ மூன்றோ.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எட்டு.
நேரே பிடித்தால் மூன்று.

காட்பாடியில் பழைய இரும்பு வாங்கும் மதியழகன்
கோணியைக் கவிழ்த்துக் கொட்டினார்.
"எல்லாம் ஹெரால்டுதான் மேடம்,
கண்ணை மூடிக்கிட்டு எடுங்க."
கண்ணைத் திறந்துகொண்டே எடுத்தேன்.
விஷ்போன் இரண்டும் ஃபியட்டுடையவை,
துளைக்குத் துளை தூரம் காட்டிக்கொடுத்தது.
ஷாக் அப்சார்பர் ஒன்று
எந்த வண்டிக்கும் பிறக்காதது.
சுருள் ஸ்பிரிங் என்று அவர் நீட்டியது
டிராக்டர் சீட்டுக்கு அடியில் இருந்தது.
அடிக்கோணியில்தான் கிடந்தன
வெண்கல டிரன்னியன் இரண்டு.
கையில் எடுத்ததும் கனம் தெரிந்தது.
இரண்டுமே வலம்புரி.

சங்கு விற்பவர்களுக்கு
இடம்புரி என்றால் கூடை கூடையாக,
வலம்புரிக்குத்தான் விலை.
எனக்கு எல்லாம் தலைகீழ்.
வலது சக்கரத்துக்கு வலம்புரி மரை,
இடது சக்கரத்துக்கு இடம்புரி மரை.
இடம்புரிக்காக ஆறு மாதம்
ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர்,
ஒரு ஞாயிறு சித்தூர்.
சைதாப்பேட்டை லேத்தில்
"கடைஞ்சே தரேன், யாருக்குத் தெரியப் போவுது" என்றார்கள்.
எனக்குத் தெரியுமே.

கிடைத்தது குடியாத்தத்தில்.
பீடிக் கடையில், இலைக்கட்டின் மேல்,
காற்றுக்குப் பறக்காமல் இருக்க.
கவிழ்த்துப் பார்த்தேன்.
கிரீஸ் பார்க்காத மரை,
ஆயிலிலேயே வளர்ந்த வாய் சுத்தம்.
விலை கேட்டேன்.
"இதே கனத்துல வேற ஒண்ணு கொண்டாங்க, போதும்."
மதியழகனின் வலம்புரி ஒன்று
இப்போது அங்கே உட்கார்ந்திருக்கிறது.

வலது ஸ்பிரிங்கை நேற்றுதான் கழற்றினேன்.
இடதைவிட அரை அங்குலம் குட்டை.
எண் சரி, கம்பியின் பருமன் சரி,
கம்பெனி அடித்த பச்சைப் புள்ளிகூட
தேய்ந்து போய் இருக்கிறது.
அதன் தலையில் ஒரு வளையம்.
ரப்பர் என்று நினைத்துத் துடைத்தேன்.
தோல்.
செருப்பு அடிக்கு வெட்டும் தடித்த தோல்,
நாலு அடுக்கு, விளிம்பில் நூல் தையல்.
பார்ட்ஸ் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை
மூன்று முறை புரட்டினேன்.
அப்படி ஒன்று அதில் இல்லை.

முக்தார் சாகிப்பின் மகளுக்கு போன் போட்டேன்.
"அத்தாவா? நூத்திப் பத்து கிலோ.
எப்பவும் தனியாத்தான் ஓட்டுவாரு.
சீட்டு அழுக்காயிடும்னு
எங்களை பஸ்ல வரச் சொல்வாரு"
என்று சிரித்தவர்,
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
அப்புறம், வண்டி ஓடுமா என்றார்.

முப்பது வருடம் ஒரே ஆளைச் சுமந்து
ஒரே பக்கம் அமுங்கிய ஸ்பிரிங்.
அதைத் தூக்கி நிறுத்த
தன் தொழிற்சாலைத் தோலில்
அவரே வெட்டிய வளையம்.
இதில் எதை ஒரிஜினல் என்று குறிப்பது?
லேபிலிருந்து வந்த ஸ்டிக்கர்
சட்டைப் பையில் இருந்தது. ஒட்டினேன்.
பெயர்: முக்தார்.
எண் என்ற இடத்தில் ஒரு கோடு.

நான் ஐம்பத்தொரு கிலோ.
வளையத்தைப் போட்டால் வண்டி இடது பக்கம் சாயும்.
எடுத்தால் வலது பக்கம், கொஞ்சம்.
ஜெயில் மணி அடிக்கிறது. மணி பதினொன்றா?
நாளைக்கு லீவு.
இரண்டு விதமாகவும் இறக்கிப் பார்க்க வேண்டும்,
நான் ஏறி உட்கார்ந்து,
பக்கத்து சீட்டில் யாரையாவது உட்காரவைத்து.